பாக்கும் சபையாரும்

யோகான் செபாஸ்டியன் பாக் 1703இல் ஜெர்மனியின் ஆர்ன்ஸ்டாட் நகரத் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கச் சேர்ந்தபோது வயது 18. 1705இல் நான்கு வார விடுப்பு வாங்கிக்கொண்டு, ஆர்கன் இசைஞர் புக்ஸ்டஹூடவின் வாசிப்பைக் கேட்க ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நடந்து லூபெக் போனார். திரும்பியது ஏறக்குறைய நான்கு மாதம் கழித்து. 1706 பிப்ரவரியில் திருச்சபை மன்றம் விளக்கம் கேட்டது. பாட்டுக்கிடையே விநோத ஸ்வரங்களைக் கலந்து சபையைக் குழப்புகிறார் என்பது கூடுதல் குற்றச்சாட்டு. நீளமாக வாசிக்கிறார் என்று சொல்லப்பட்டதும் மிகச் சுருக்கமாக முடித்தார், அதுவும் குற்றமாயிற்று. சபைக்குப் பிடித்த நீளம் எது என்பது இன்றும் தீராத ஆய்வு.

1723 முதல் லைப்சிக் நகரில் வேலை. அங்கே 1730இல், பாடகரும் வாத்தியக்காரரும் போதவில்லை என்று நகர மன்றத்துக்கு மனு எழுதினார். அதே ஆண்டு நண்பர் எர்ட்மனுக்கு எழுதிய கடிதம் இன்னும் வெளிப்படையானது: மேலதிகாரிகளுக்கு இசையில் நாட்டமில்லை, போதாக்குறைக்கு, நல்ல காற்று வீசி ஊரில் சாவு குறைந்ததால், 1729இல் அடக்க ஆராதனை வரும்படியில் நூறு தாலருக்கு மேல் நஷ்டம். ஊரார் நோயின்றி வாழ்ந்தால் இசைஞர் வீட்டு அடுப்பு தணியும்படியான சம்பள ஏற்பாடு அது.

நகர மன்றம் இசை விஷயத்தில் ஒருமுறை அபார வேகம் காட்டியது. 1749 ஜூனில், பாக்கின் இடத்துக்கு ஹாரர் என்பவருக்குத் தேர்வு நடத்தியது. பாக் அதற்குப் பிறகும் ஓராண்டுக்கு மேல் உயிரோடிருந்தார்.