எச்டி செட்டாப் பெட்டியும் பழைய டிவியும்: ஒரு புணர்ச்சி இலக்கண ஆய்வு

நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் ஒன்றையொன்று சந்திக்குமிடத்து நிகழ்வதைப் புணர்ச்சி என்பர் இலக்கண நூலார். வீட்டுக் கூடத்தில் பல்லாண்டுகளாக அசையாது நிற்கும் படக்குழாய் டிவியை நிலைமொழி என்றும், கேபிள்காரர் கொண்டுவந்து தரும் எச்டி செட்டாப் பெட்டியை வருமொழி என்றும் கொண்டால், இவ்விரண்டின் சேர்க்கையும் நன்னூல் விதிகளுக்குள் அடங்கும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இருபுறமும் எச்.டி.எம்.ஐ. துளை இருந்து, ஒரே கம்பியில் படமும் ஒலியும் மாற்றமின்றிச் செல்லுமாயின் அது இயல்பு புணர்ச்சி; தட்டை டிவி உடையோர்க்கே அது வாய்க்கும். 2006 முதல் தமிழக அரசு விலையின்றி வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி முதலான பழைய பெட்டிகளின் ஈறு, அதாவது பின்புறம், மஞ்சள், வெள்ளை, சிலவற்றில் சிவப்பு என்னும் வட்ட ஏ.வி. துளைகளையே உடையதாகலின், அங்கே விகாரப் புணர்ச்சியே நிகழும். அது தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படும்.

பூவும் கொடியும் சேர்கையில் இடையே மெல்லெழுத்து ஒன்று தோன்றிப் பூங்கொடி ஆவதுபோல, செட்டாப் பெட்டியில் ஏ.வி. துளை இல்லாதவிடத்து மாற்றி எனப்படும் சிறு பெட்டி ஒன்று இடையே தோன்றும். அது எச்.டி.எம்.ஐ.யை ஏ.வி.யாக்குவதாக இருத்தல் வேண்டும், ஏ.வி.யை எச்.டி.எம்.ஐ.யாக்குவதும் அதே உருவில் அதே கடையில் கிடைப்பதால், தவறி அதை வாங்கியோர் மறுநாளும் கடைக்குச் செல்வது மரபு.

பொன்னோடு சேர்ந்த குடம் பொற்குடமாவது போன்றது திரிதல். 16:9 என்னும் அகன்ற படம் 4:3 என்னும் சதுரப் பாங்கான திரைக்குள் நெருக்கப்படுகையில், தொடர்களின் மாமியார்கள் ஒரே இரவில் இளைத்து நெடிது வளர்வர்.

மரத்தின் மகரம் மரவேரில் மறைவது கெடுதல். எச்டி படத்தின் 1080 கிடைக்கோடுகள் மஞ்சள் கம்பி வழியே 576 ஆகக் குறையும். படத்தை நெருக்காது மேலும் கீழும் கறுப்புப் பட்டை விடுவோர்க்கு அவற்றிலும் 432 கோடுகளே எஞ்சும்.

இப்புணர்ச்சி நிகழுமிடம் டிவிக்கும் சுவருக்கும் இடைப்பட்ட நான்கு விரற்கடை இருளாகலின், துளையைத் தடவுவோன் திரையைக் காணான்; திரையைக் காண்போர் துளையைக் காணார். எனவே "வருதாம்மா?" எனப் பின்னிருந்து வினாவும், "இல்லப்பா, உர்ருங்குது" என முன்னிருந்து விடையும் எழும். மஞ்சள் முனை வெள்ளைத் துளையில் நுழைய, படத்தின் குறிப்பலையை ஒலியெனக் கருதி ஒலிபெருக்கி உரக்கப் படிப்பதே அந்த உர். முனைகள் யாவும் முறைப்படி பொருந்தியபின்னும், டிவியின் ரிமோட்டில் ஏ.வி. பொத்தானை அழுத்தாதவரை படம் தோன்றாது. அந்த ரிமோட்டோ பெரும்பாலும் வீட்டில் இருப்பதில்லை.

இவை அனைத்தையும் கடந்து படம் தெளிந்தபோது, முன்னிருந்த அம்மையார் கூறும் "முன்ன மாதிரியேதான்டா இருக்கு" என்னும் தீர்ப்பே கெடுதல் விதிக்கு மிகச் சுருங்கிய உரையாகும். நிலைமொழிக்கு இசைய வருமொழி வளைந்துவிட, திரியாமலும் கெடாமலும் மாதந்தோறும் இயல்பாக வந்து சேர்வது எச்டி கட்டணம் ஒன்றே.