ஊற்றத் தெரிந்தவரும் கடையத் தெரிந்தவரும்

ஃபோர்டு மாடல் ஏ காரின் கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்குபவை மூன்றே மெயின் பேரிங்குகள். இன்றைய வண்டிகளைப்போல் கடையில் ஷெல் வாங்கிப் பொருத்திவிட முடியாது. ஒயிட் மெட்டலை உருக்கி என்ஜின் பிளாக்கிலேயே ஊற்ற வேண்டும். இறுகியபின் அளவுக்குக் கடைய வேண்டும். ஐசக் பாபிட் என்ற அமெரிக்கர் 1839-இல் காப்புரிமை பெற்ற முறையின் வழிவந்த உலோகம் அது. பெரும்பகுதி வெள்ளீயம், கொஞ்சம் ஆன்டிமனி, கொஞ்சம் செம்பு. மென்மையாக இருப்பதுதான் அதன் வேலை. எண்ணெயில் மண் துகள் வந்தால் தனக்குள் புதைத்துக்கொள்ளும், கிராங்க்கைக் கீறவிடாது.

கோயம்புத்தூரில் நான் வேலை பழகிய பட்டறையில் லைன் போரிங் மெஷின் கிடையாது. அமெரிக்காவில் ஃபோர்டு பட்டறைகளுக்கென்றே கே.ஆர். வில்சன் இயந்திரங்கள் அந்தக் காலத்திலேயே இருந்தன. எங்களிடம் இருந்தவர் மேஸ்திரி. ஊற்றுவதற்குமுன் புளோ லேம்பால் பிளாக்கை நன்றாகச் சுட வைப்பார். துளி ஈரம் இருந்தாலும் உருகிய உலோகம் முகத்தில் தெறிக்கும். காய்ந்த குச்சி ஒன்றை உலோகத்தில் விட்டெடுப்பார். அது பழுப்பாகக் கருகினால் சூடு சரி, தீப்பிடித்தால் அதிகம். ஆறும்போது உலோகம் சுருங்கும். வார்ப்பிரும்பில் அது ஒட்டவும் ஒட்டாது. பிளாக்கில் உள்ள துளைகளில் இறங்கிப் பிடித்து நிற்பதுதான். அதனால் சுத்தியால் பதமாகத் தட்டி இறுக்குவார். தட்டும் ஓசையிலேயே எங்கே தளர்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

பிறகு ஸ்கிரேப்பர். ஜர்னலில் நீல மசி தடவி, கிராங்க்கை வைத்துச் சுழற்றித் தூக்கினால் மேடான இடத்தில் மசி ஒட்டியிருக்கும். அதை மட்டும் சுரண்ட வேண்டும். “அமுக்காத கண்ணு, சும்மா இழு. அது தானா வரும்” என்பார். மறுபடி மசி, மறுபடி கிராங்க். பேரிங் முழுவதும் மசி பரவலாகப் படியும்வரை இதுவே வேலை. அப்படித் தேறிய வண்டிகள் மறுநாளே சந்தைக்கு மூட்டை ஏற்றின.

இன்று அதே மாடல் ஏ ஞாயிற்றுக்கிழமை அணிவகுப்புக்கு மட்டும் வெளியே வருகிறது. அதற்குக் கிடைப்பதோ, மூட்டை சுமந்த நாளில் கிடைக்காத துல்லியம். முதலில் கிராங்க்கை அரைத்து அளந்துவிடுகிறார்கள். பிறகு கேம் ஷாஃப்ட் துளையை ஆதாரமாக வைத்து போரிங் பாரை நிறுத்துகிறார்கள். அந்த இடைவெளி மாறினால் டைமிங் கியர் சரியாகக் கடிக்காது. ஒரே பார் மூன்று பேரிங்கையும் ஒரே கோட்டில் கடைகிறது. 1.625 அங்குல ஜர்னலுக்கு ஒன்றரைத் தவ், அதாவது 0.038 மில்லிமீட்டர் இடைவெளி. போர் கேஜ் வைத்து அதையும் பார்த்துவிடலாம்.

இதில் நான் மெஷின் பக்கம்தான். ஸ்கிரேப்பரால் ஒவ்வொரு பேரிங்கும் அழகாக அமையும். ஆனால் மூன்றும் ஒரே கோட்டில் நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது. கோடு தவறினால் கிராங்க் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிரும். இரும்பும் ஒருநாள் சோர்ந்து ஒடியும்.

எனக்குள்ள கவலை வேறு. அன்று ஊற்றத் தெரிந்தவர் இருந்தார், நேராகக் கடைய மெஷின் இல்லை. இன்று மைக்ரான் கணக்கில் கடையும் பிள்ளைகள் ஊரெங்கும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஒயிட் மெட்டல் கரண்டியைக் கண்ணால் பார்த்ததில்லை. உள்ளே தளர்ந்து நிற்கும் உலோகத்தை எவ்வளவு துல்லியமாகக் கடைந்து என்ன பயன்? ஓடத் தொடங்கியதும் அது விரிசல் விட்டுப் பெயரும். இதனால்தான் பிளாக்கை வெட்டி ஷெல் பொருத்தும் வழக்கம் பெருகிவருகிறது. ஓட்டத்துக்கு அது நல்லதுதான். ஆனால் வெட்டிய இரும்பை மறுபடி ஒட்டவைக்க முடியாது. நன்றாக இருக்கும் பழைய பிளாக்கில் அதைச் செய்யாதீர்கள் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

லைன் போரிங் செய்யும் ஒரு தம்பி இப்போது ஊற்றப் பழகுகிறார். குச்சி கருகும் நிறத்தைப் பார்க்கிறார். பக்கத்தில் தெர்மாமீட்டரும் வைத்து டிகிரியை நோட்டில் குறித்துக்கொள்கிறார். மேஸ்திரி கையில் வைத்திருந்த கணக்கு முதல்முறையாக எழுத்தில் ஏறுகிறது.