போர்மேன் பழக்கும் சைக்கிள்

தீபாவளி முடிந்த கையோடு சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு ஆலைகள் சில வாரம் கதவைச் சாத்திவிடும். அந்த லீவில்தான் ‘போர்மேன் அப்பா’ வெளியே தென்படுவார். திருத்தங்கல் பக்கமோ சாத்தூர் ரோட்டிலோ ஏதாவதொரு பள்ளிக்கூட மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாருங்கள்: பருத்திச் சட்டை, கையில் ஸ்பேனர், ஆறு வயசு மகள், ரோஸ் கலரில் ஒரு சின்ன சைக்கிள்.

பட்டாசு ஆலை போர்மேனுக்கு விதிகள்தான் மூச்சு. ஒரு வேலை அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. நைலான் உடுத்தக் கூடாது. இரும்புக் கருவி ஆகாது. மருந்து அறைக்குள் நுழையும் முன் தகட்டைத் தொட்டு உடம்பிலுள்ள மின்னேற்றத்தை இறக்கிவிட வேண்டும். விபத்துச் செய்தி வராமல் ஒரு வருஷம் கழிவதே அபூர்வமான ஊர் என்பதால் ஆலைக்குள் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. மைதானத்தில் அந்த மரியாதை செல்லாது என்பது அவருக்கு மட்டும் தெரியாது.

முதலில் வேடிக்கை பார்க்கிற கூட்டத்தைக் கலைப்பார். “நாலு பேருக்கு மேல நிக்காதீங்கப்பா!” அடுத்து செருப்புச் சோதனை. அப்புறம் உரை. ஹேண்டில்பார், செயின், ஃப்ரீவீல் என்று ஒவ்வொன்றாக விளக்கி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். விருதுநகர் மாவட்டத்து வெயில் ஐப்பசி, சித்திரை என்றெல்லாம் பேதம் பார்ப்பதில்லை.

அவர் பழகிய காலத்தில் உரையும் இல்லை, உரையாற்ற ஆளும் இல்லை. மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்த பெரிய வண்டியில், பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்கு பெடல் போட்டவர். முழங்கால் தழும்பு இன்னும் இருக்கிறது. அதை மகளுக்குக் காட்டுவதும் பாடத்திட்டத்தில் உண்டு.

“ஹேண்டில ஆட்டாத தாயி! நேராப் பிடி, நேரா!”

இதுதான் மூல மந்திரம். சைக்கிளின் இயற்பியலோ இதற்கு நேர் எதிர். ஓடுகிற வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் ஹேண்டிலையும் இடப்பக்கமே திருப்ப வேண்டும். அப்போதுதான் சக்கரம் சாய்கிற பக்கத்துக்குப் போய் முட்டுக் கொடுக்கும். ஓட்டத் தெரிந்த எல்லாரும் தெரியாமலே இதைத்தான் செய்கிறார்கள், போர்மேன் உட்பட. சக்கரம் சுழல்வதால்தான் சைக்கிள் விழாமல் ஓடுகிறது என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். அந்தச் சுழற்சியின் பலனை முறித்துவிட்ட பிறகும் ஆளில்லாமல் நிமிர்ந்து ஓடும் ஒரு வண்டியை அமெரிக்க, நெதர்லாந்து ஆய்வாளர்கள் செய்து, 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். போர்மேனிடம் நெதர்லாந்து எடுபடாது. மகள் நேராகப் பிடிக்கிறாள், விழுகிறாள். “சொன்னதக் கேட்டியா?” என்கிறார். கேட்டதுதான் பிழை.

சைடு வீல் மாட்டிப் பார்த்தார். விழவில்லை, சாயவே விடாத வண்டியில் சாய்வைச் சமாளிக்கவும் வரவில்லை.

யோசனை வீட்டிலிருந்து வந்தது. அவர் மனைவி பதினோராம் வகுப்பில் அரசு தந்த விலையில்லா சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிப் பிறகு எல்லாருக்கும் என்று விரிந்த திட்டம் அது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகியதையும் அவர் கேள்விப்பட்டிருக்கிறார். அங்கே இத்தனை போர்மேன்கள் இருந்திருக்க வாய்ப்பில்லை. “பெடலக் கழட்டி, சீட்ட இறக்கி விடுங்க. காலால உந்திக்கிட்டு அவளே போவா” என்றார்.

1817இல் ஜெர்மனியில் கார்ல் வான் டிரைஸ் ஓட்டிக் காட்டிய முதல் இருசக்கர வண்டிக்கும் பெடல் இல்லை. காலால் உந்தித்தான் போனார்.

வலது பெடல் கழன்றது. இடது பெடலோடு போர்மேன் அரை மணி மல்லுக்கட்டினார். கடைசியில் சைக்கிள் கடை அண்ணாச்சி வந்து, “அதுக்கு மர எதிர்த்திசைல இருக்கும். இவ்வளவு நேரமும் நல்லா முறுக்கிக்கிட்டுத்தான் இருந்திருக்கீக” என்றார். மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடாமல் இருக்கத்தான் இடப்பக்கத்து மரையை அப்படி வைத்திருக்கிறார்கள்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் குழந்தை உந்தினாள், வழுக்கினாள், இரண்டு காலையும் தூக்கிக்கொண்டே மிதந்தாள். பெடல் திரும்ப ஏறிய அன்றைக்கு அப்பாவின் கை சீட்டைத் தொடுமுன்பே கிளம்பிவிட்டாள். போர்மேன் பின்னாலேயே ஓடினார். பாதி மைதானம் தாண்டியதும்தான், ஃப்ரீவீல் வரைக்கும் விளக்கிய உரையில் பிரேக்கைச் சேர்க்கவில்லை என்பது அவருக்கு உறைத்தது.

மைதானத்தின் மறுகோடியில் சீமைக்கருவேலம் புதராக மண்டிக் கிடந்தது. குழந்தைக்கு ஒரு கீறல், அவ்வளவுதான். அண்ணாச்சி ட்யூபை உருவித் தண்ணீரில் முக்கி, குமிழி வரும் இடங்களை நிதானமாக எண்ணிவிட்டு, “ஒட்டுக்கு இவ்வளவுன்னு வாங்குறதா, மொத்தமாப் பேசிக்கிடுவமா?” என்று கேட்டார்.