தேன்பெட்டிக்கு ஒரு சூப்பர்வைசர்

ஓசூர் சிப்காட்டில் குவாலிட்டி செக்‌ஷனில் பல வருஷம் குப்பை கொட்டியவருக்குத் தளி ரோட்டில் அரை ஏக்கர் நிலமும் மிச்சமிருந்தால், அடுத்து வருவது அநேகமாகத் தேன்பெட்டிதான். இந்த ரகத்து ஆட்களைப் பாகலூரிலும் பார்க்கலாம், மத்திகிரியிலும் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வெயிலில் வெள்ளை அங்கி, முகவலை, கம்பெனி கையுறை, சேஃப்டி ஷூ சகிதம் யாராவது தோட்டத்துக்குள் மெல்ல நடந்தால், அவரேதான்.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் மாதந்தோறும் நடக்கும் ஒருநாள் பயிற்சிக்கு லீவு போட்டுப் போய்வந்தவர். வாங்கியது நியூட்டன் பெட்டி. இந்த நியூட்டன், ஆப்பிள் நியூட்டன் அல்ல; நூறு வருஷத்துக்கு முன் இந்தியத் தேனீயின் அளவுக்கு ஏற்பச் சின்னதாகப் பெட்டி செய்துகொடுத்த பாதிரியார். கீழே ஏழு சட்டங்களோடு புழு அறை, மேலே தேன் அறை. முதன்முதலில் பெட்டியைத் திறக்கப் புறப்பட்ட அன்று நம்மவர் காலை டிபனுக்கு இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டிருந்தார். கொட்டிய தேனீ மற்றவற்றுக்கு அபாயச் செய்தி அனுப்பும் வாசனை கிட்டத்தட்ட வாழைப்பழ வாசனைதான். பயிற்சியில் இதைச் சொன்னபோது அவர் மதியச் சாப்பாட்டைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

கூடவே நின்றவர் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர். மேலே ஒரு துண்டு, அவ்வளவுதான். தெலுங்கில் மாட்டை அதட்டிவிட்டுத் தமிழில் இவரிடம் பேசுவார். பெட்டியின் வாசலுக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நின்று, கொஞ்சம் புகை காட்டி, ஓரத்துச் சட்டத்தை முதலில் உருவினார். நம்மவர் அதை வாங்கி, தகட்டில் கீறல் பார்ப்பதுபோல் படுக்கவைத்துத் திருப்பினார். புது அடை, தேன் கனம் தாங்காமல் சட்டத்திலிருந்து பிய்ந்து ஷூ மேல் விழுந்தது. சட்டத்தை எப்போதும் செங்குத்தாகத்தான் பிடிக்க வேண்டும்.

பிறகு ராணியைத் தேடும் படலம். அரை மணி நேரம் ஆகியும் ராணி தரிசனம் தரவில்லை.

“ராணியைப் பார்த்து என்ன சார் பண்ணப் போறீங்க? இங்க பாருங்க, முட்டை நிக்குது. நேரா நின்னா இன்னைக்குப் போட்டது. படுத்துட்டா மூணாம் நாள். முட்டை இருந்தா அம்மா வீட்டுலதான் இருக்கா.”

முகவலைக்குள் மூக்குக்கண்ணாடி நழுவிக்கொண்டிருந்ததால் நம்மவருக்கு முட்டை தெரியவில்லை. “தெரியுது ஐயா, தெரியுது” என்றார்.

வாரம் ஒருமுறை திறந்தால் போதும் என்று பெரியவர் சொல்லியிருந்தார். இவருக்குத் தினசரி ரிப்போர்ட் பழக்கம். ஷிப்ட் முடிந்ததும் திறப்பு, செக்லிஸ்டில் டிக்: முட்டை, புழு, மகரந்தம், எறும்பு. இத்தாலியத் தேனீயாவது ஓரளவு பொறுத்துப்போகும். இந்தியத் தேனீக்கு ரோஷம் அதிகம். தொந்தரவு மிஞ்சினால் மொத்தக் குடும்பமும் கூட்டைக் காலி செய்துவிடும். ஒருநாள் மூடியைத் தூக்கினால், அடையில் மெழுகுப்பூச்சியின் புழுக்கள் மட்டும் நூலாம்படைக்குள் நெளிந்துகொண்டிருந்தன.

“தினமும் ஆபீசர் வந்து அடுப்பங்கரைப் பானையைத் திறந்து பார்த்தா நம்ம வீட்டு ஆளுங்க இருப்பாங்களா சார்?” என்றார் பெரியவர்.

நம்மவர் ஒப்புக்கொள்ளவில்லை. காரணம் கண்டுபிடிக்க மீன்முள் படம் வரைந்தார். ஒரு முள்ளில், கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் பூக்கும் சமயம் தத்துப்பூச்சிக்கு அடிக்கும் மருந்து. இன்னொன்றில், பசுமைக்குடிலுக்குள் அடைபட்ட ஓசூர் ரோஜா. இரண்டும் உண்மைப் பிரச்சினைகள்தாம். செக்லிஸ்டுக்கு மட்டும் முள் ஒதுக்கப்படவில்லை.

இரண்டாவது பெட்டியைப் பெரியவர் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு பேயெள்ளுக் காட்டோரம் வைக்கச் சொன்னார். பேயெள்ளு தன் மகரந்தத்தில் தானே காய் பிடிக்காது; தேனீ வந்தால்தான் விளைச்சல். அதனால் காட்டுக்காரருக்கும் சந்தோஷம். பெட்டி திறக்கும் உளியை மட்டும் நம்மவரின் மனைவி வாங்கி அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டார். ஞாயிறு காலை கேட்டால் தருவார், மதியம் திரும்ப வேண்டும்.

மற்ற நாட்களில் நம்மவர் பெட்டிக்குப் பக்கவாட்டில் ஸ்டூல் போட்டு, நிமிஷத்துக்கு எத்தனை தேனீ காலில் மஞ்சள் மகரந்த உருண்டையோடு உள்ளே போகிறது என்று எண்ணுகிறார். மகரந்தம் போனால் உள்ளே புழு வளர்கிறது என்று பொருள்; பெட்டியைத் திறக்கவே வேண்டாம். இதைச் சொல்லிக்கொடுத்ததும் பெரியவர்தான். எக்செல் ஷீட்டில் புது நெடுவரிசை சேர்த்தது மட்டும் நம்மவரின் சொந்த யோசனை.