சொகுசு வாகனக் கதவொலி: மன்னார்த் தீவை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

மன்னாரை ஆராய்ந்த அறிஞர்கள் முத்துக்குளிப்பு, மாதோட்டத் துறைமுகம், திருக்கேதீச்சரம், பள்ளிமுனைப் பெருக்கமரம் என எல்லாவற்றையும் தொட்டுவிட்டார்கள். கதவு ஸ்பீக்கரை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அப்பெருங்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது.

காலமும் கனிந்திருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, சொந்தப் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி விடப்பட்டது. இடையில் பிராடோவும் மொன்டேரோவும் பென்சும் வைத்திருந்தோர் பழையதையே பூசி மெழுகி ஓட்டினார்கள். வாகனத்தின் விலை ஏறிக்கொண்டே போக, அதன் குரல் கம்மிக்கொண்டே வந்தது.

2. அகழ்வாய்வு

கதவின் உட்தட்டைக் கழற்றியபோது கிடைத்த தொல்பொருட்கள் வருமாறு: விரல் பட்டதும் தூளாகக் கொட்டிய நுரை வளையம், காந்தத்தைச் சுற்றிச் செதில் செதிலாகத் துரு, வயர் முனையில் பச்சை பூத்த செம்பு, அடியில் ஒரு பிடி மணல். கண்ணாடியோரமாக இறங்கும் மழைத்தண்ணீர் கதவின் அடித்துளைகளால் வடிய வேண்டும் என்பது தயாரித்தவரின் எண்ணம். துளையை மணல் அடைத்துவிட்டால் அக்கதவு கட்டுக்கரைக்குளத்துக்கு அடுத்த நீர்த்தேக்கமாகிவிடும்.

மீதியைக் காற்று கவனித்துக்கொள்ளும். சோளகம் ஓய்ந்தால் வாடை. எது வீசினாலும் உப்பு உண்டு. காற்றின் பலத்துக்குச் சான்று கேட்போர் தீவின் தென்கரையில் தம்பபவனிக் காற்றாலைகளை எண்ணிப் பார்க்கலாம்: 30 கோபுரங்கள், மொத்தம் 103.5 மெகாவாட். கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலைமன்னார் வீதியில் பாட்டுக் கேட்பவர், அந்தக் காற்றோடு 50 வாட்டை மோத விடுகிறார்.

3. மும்மரபுகள்

இத்துறையில் மூன்று மரபினர் உளர்.

வாட் மரபினர் பெட்டியின் மேல் அச்சிட்டதை வேதமாகக் கொள்வர். பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பது பெரும்பாலும் ஸ்பீக்கர் ஒரு கணம் தாங்கும் உச்சம். தொடர்ந்து தாங்குவது அதில் சிறு பங்கு. வாட்டை இரட்டித்தாலும் ஒலி 3 டெசிபெல்தான் ஏறும். காதுக்கு இருமடங்காகப் பட வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட்.

பாஸ் மரபினர் இளையோர். கதவு அதிர்ந்தால் பாஸ் வந்துவிட்டது என்பது இவர்கள் சித்தாந்தம். அதிர்வது வெறுந்தகடு, பாஸ் அங்கேதான் வீணாகிறது.

கொழும்பு மரபினர் பஞ்சிகாவத்தையில் கழற்றிய 'ஒரிஜினல்' தவிர வேறொன்றையும் ஏற்கார். அவர்களில் ஒருவர் கடையில் நிகழ்த்திய வாதம்:

“தம்பி, இது ரெண்டு ஓமோ?”
“ஓம்.”
“அப்ப நாலு ஓமோ?”
“ஓம் அண்ணை.”

இருவரும் உடன்பட்டதால் வியாபாரம் முடிந்தது. 2 ஓமுக்கென அமைந்த அம்பிளிபயரில் 4 ஓம் ஸ்பீக்கரைப் பூட்டினால் கிடைக்கும் வலு பாதியாகும் என்பதும், மாற்றிப் பூட்டினால் அம்பிளிபயரே சூடேறிப் படுக்கலாம் என்பதும் வீடு வந்த பிறகு நடந்த ஆய்வில் தெரிந்தன.

யப்பானிலிருந்து வந்த வாகனங்களுக்குத் தனி விதி உண்டு. அந்நாட்டின் பழைய செட்டுகளில் பண்பலை 76-இல் தொடங்கி 90 மெகாஹெர்ட்சோடு நின்றுவிடும். நம் நிலையங்களோ 88 முதல் 108 வரை. செட்டின் குற்றத்துக்கு ஸ்பீக்கர் தூக்கிலிடப்பட்ட வழக்குகள் ஏராளம்.

4. ஆய்வு முடிவு

மும்மரபும் மறந்த நான்காம் வழி ஒன்றுண்டு: படகுகளுக்கென்று செய்யும் மரைன் ஸ்பீக்கர். பொலிபுரொப்பிலீன் கூம்பு, ரப்பர் விளிம்பு, துருவேறா ஆணி, உப்புப் புகாரில் வைத்துச் சோதித்த உடல். வாகனக் கதவில் வழமையான ஆறரை அங்குல அளவிலேயே கிடைக்கும். பெரும்பாலும் வெள்ளையாகவே வரும்; அந்நிறம் கௌரவக் குறைவென்று அஞ்சுவோர் அஞ்ச வேண்டாம். கதவின் வலை மறைத்துவிடும்.

வாங்குமுன் கண்ணாடியை முழுக்க இறக்கி ஆழத்தை அளக்க வேண்டும். இல்லையேல் கண்ணாடி காந்தத்தில் முட்டும். இடம் போதாவிட்டால் கதவுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வளையம் வேண்டும். பிளைவுட் வளையம் ஊறிப் பருக்கும். பேசாலையில் பைபர் படகு ஒட்டுபவரிடம் சொன்னால் அதே பைபரில் வளையம் வார்த்துத் தருவார். கடலில் நிற்கும் பொருள் கதவிலும் நிற்கும்.

ஆகவே வாகனச் சொந்தக்காரருக்கு ஒரு விண்ணப்பம்: கடைக்குப் போக முதல் கதவைக் கழற்றுங்கள், மணலை வாருங்கள், துளையைத் திறவுங்கள். கதவு செய்த பிழைக்காகப் புது ஸ்பீக்கர் வாங்காதீர்கள்.