இந்தப் பூனையும் குருவி பிடிக்குமா?

இங்கிலாந்தின் எந்தச் சிற்றூருக்குப் போனாலும் பூனையின் வக்கீல் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியையாக இருக்கலாம், தபால்காரராக இருக்கலாம், வங்கி மேலாளராகவும் இருக்கலாம். சமையலறைக் கதவின் அடியில் சதுரமாக ஓட்டை போட்டு, முட்டினால் திறக்கும் சின்னக் கதவொன்றைப் பொருத்தியிருப்பார். பூனை நினைத்தபோது போகும், நினைத்தபோது வரும். குணத்தில் சொக்கத் தங்கமான மனிதர். நத்தையைக்கூடத் தாண்டித்தான் நடப்பார். தோட்டத்து மரக்கிளையில் பறவைகளுக்காக வேர்க்கடலையும் சூரியகாந்தி விதையும் தொங்கும். பறவைப் பாதுகாப்புச் சங்கத்துக்கு ஆண்டுச் சந்தாவும் தவறாமல் போய்விடும். விதை தின்ன வரும் பறவைக்காக அதே வீட்டுப் பூனை அதே கிளைக்குக் கீழே புதரில் பதுங்கியிருக்கும். விருந்துக்கு வந்தவரே விருந்தாகிவிடும் வீடு அது. இதை யாராவது மெல்ல எடுத்துச் சொன்னால் வக்கீலின் முகம் மாறிவிடும். “எங்கள் டெய்சியா? சேச்சே, அவள் அப்படிப்பட்டவள் இல்லை.”

அவருடைய வாதங்கள் ஒழுங்கான வரிசையில் வரும். டெய்சி வேட்டையாடுவதே இல்லை. போன வாரம் வாசலில் கிடந்த குருவி முன்பே செத்துப்போனது. டெய்சி அதற்கு இறுதி மரியாதை செய்யத்தான் தூக்கிவந்தாள். அதற்கு முந்தையது நோயாளிக் குருவி. அதற்கும் முந்தையது பக்கத்து வீட்டுப் பூனையின் கைவரிசை, அந்த வீட்டு வளர்ப்பு அப்படி. இது அவர் ஒருவருடைய குறை என்று நினைத்துவிடக் கூடாது. எக்ஸிட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கார்ன்வாலில் மானன் ஸ்மித், ஸ்காட்லாந்தில் தார்ன்ஹில் ஆகிய இரண்டு ஊர்களில் பூனை வளர்ப்பவர்களைக் கேட்டு, பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரைகளையும் கணக்கெடுத்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். பூனைகளால் காட்டுயிர்களுக்குத் தீங்கு என்பதைப் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. கருத்தடை செய்வதைத் தவிர வேறெந்தக் கட்டுப்பாட்டையும் அவர்கள் விரும்பவில்லை. இதில் ரசிக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு: ஒருவருடைய கருத்துக்கும் அவருடைய பூனை எத்தனை உயிர்களைப் பிடித்தது என்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வாசலில் பிணங்கள் குவிந்தவரும் ஒன்றுகூடக் காணாதவரும் ஒரே குரலில்தான் பேசினார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்போம். இங்கே கண்ணை மூடிக்கொண்டது பூனை அல்ல.

வக்கீல் நம்பியிருக்கும் ஒரே சாட்சி அவர் வீட்டு மிதியடி. அதில் ஒன்றும் கிடக்கவில்லை என்றால் குற்றமே நடக்கவில்லை. இந்தச் சாட்சி எவ்வளவு நம்பத்தக்கது என்பதை அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஏதென்ஸ் என்ற ஊரில் சோதித்தார்கள். வீட்டுப் பூனைகள் ஐம்பதுக்கும் மேற்பட்டவற்றின் கழுத்தில் சின்னஞ்சிறு கேமராக்களைக் கட்டி அனுப்பினார்கள். பிடிபட்ட இரையில் 23 சதவீதம்தான் வீடு வந்து சேர்ந்தது. 28 சதவீதம் தின்னப்பட்டது. மிச்சம் 49 சதவீதம் பிடித்த இடத்திலேயே கைவிடப்பட்டது. அதாவது மிதியடி நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கணக்கு எழுதுகிறது. நியாயமாகப் பேசினால் வக்கீலுக்குச் சாதகமான விஷயமும் இதே ஆய்வில் உண்டு. வேட்டையாடியவை 44 சதவீதப் பூனைகளே. பாதிக்கு மேற்பட்டவை சும்மா சுற்றிவிட்டுத் திரும்பின. ஆகவே டெய்சி உண்மையிலேயே நிரபராதியாக இருக்கலாம். ஆனால் அதைச் சொல்லும் தகுதி மிதியடிக்கு இல்லை.

அடுத்து வருவது வயிற்று வாதம். “வேளைக்கு வயிறாரச் சாப்பிடுகிறாள், அவள் ஏன் வேட்டையாடப் போகிறாள்?” மனிதருக்குப் பொருந்தும் நியாயம் இது, பூனைக்கு இது எட்டாது. பிடித்தமான உணவைத் தின்றுகொண்டிருந்த பூனைகளுக்கு முன்னால் எலியை விட்டுப் பார்த்த சோதனை ஒன்று 1976இல் வெளியானது. அவை தட்டை விட்டு எழுந்துபோய் எலியைக் கொன்று, அதைத் தட்டருகே கொண்டுவந்து போட்டுவிட்டு, மறுபடியும் தட்டில் இருந்ததையே தின்றன. காரணம் எளிது. பூனையின் பாய்ச்சல்களில் பல வீணாகிவிடும். பசி எடுத்த பிறகுதான் வேட்டைக்குப் போவது என்றிருந்தால் அதன் முன்னோர்கள் பட்டினியில் செத்திருப்பார்கள். வாய்ப்பு வந்தால் பாய்வதுதான் அதன் உடலில் ஊறிய பழக்கம். ஆக, டெய்சியின் மேல் குற்றம் சொல்வதற்கு ஒன்றுமில்லை. பூனை பூனையாக இருக்கிறது. வீட்டுக்காரர் வீட்டுக்காரராக இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

இருந்து என்ன செய்ய முடியும் என்று கேட்டால் வக்கீல் உடனே மணியைக் காட்டுவார். பூனைக்கு மணி கட்டுவது யார் என்று எலிகள் திண்டாடிய காலம் போய்விட்டது. இங்கே கடையில் காசு கொடுத்தால் கட்டியே தருவார்கள். ஆனால் மணியின் பயன் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. பறவைப் பாதுகாப்புச் சங்கமான ஆர்.எஸ்.பி.பி. முன்பு நடத்திய சோதனையில் பறவை வேட்டை ஏறக்குறைய 41 சதவீதம் குறைந்தது. எக்ஸிட்டர் ஆய்வாளர்கள் தென்மேற்கு இங்கிலாந்தில் 219 வீடுகளின் 355 பூனைகளை வைத்து நடத்தி 2021இல் வெளியிட்ட சோதனையிலோ மணியால் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் தெரியவில்லை. பலன் தந்தவை வேறு. தானியம் இல்லாமல் இறைச்சிப் புரதம் நிறைந்த உணவைக் கொடுத்தபோது வீட்டுக்கு வந்த இரை 36 சதவீதம் குறைந்தது. அளவு கூட்டியதால் வந்த மாற்றம் இல்லை இது. பூனைக்கு வேண்டிய சத்து தட்டிலேயே கிடைத்ததால் வந்தது என்று கருதுகிறார்கள். தினமும் ஐந்து முதல் பத்து நிமிடம் இறகு கட்டிய குச்சியை ஆட்டி விளையாட்டுக் காட்டியபோது 25 சதவீதம் குறைந்தது. பளிச்சென்ற நிறங்களில் துணிப்பட்டையைக் கழுத்தில் சுற்றியபோது பறவைகள் தூரத்திலேயே கண்டுகொண்டு பறந்தன; பறவை வேட்டை 42 சதவீதம் சரிந்தது. கழுத்துப்பட்டை எதுவானாலும் கிளையில் சிக்கினால் தானே கழன்றுவிடும் வகையாக இருப்பது அவசியம். உணவை உருட்டியும் தட்டியும் எடுக்கவைக்கும் புதிர்க் கிண்ணங்களையும் சோதித்தார்கள். டெய்சியின் அறிவு வளரட்டும் என்று நம் வக்கீல் முதலில் வாங்கியது அதைத்தான். அதில் மட்டும் வேட்டை 33 சதவீதம் கூடியது. வண்ணப்பட்டையை அவர் தொடவே இல்லை; கோமாளிபோல் தெரிந்தால் டெய்சியின் தன்மானம் என்ன ஆவது?

வக்கீலிடம் வலுவான வாதமும் ஒன்று இருக்கிறது. பூனைகளால் பிரிட்டனில் பறவைகளின் மொத்த எண்ணிக்கை குறைகிறது என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்று ஆர்.எஸ்.பி.பி.யே சொல்லியிருக்கிறது. 1997இல் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை பிரிட்டனின் பூனைகள் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்த பறவைகள் சுமார் 2.7 கோடி என்று மதிப்பிட்டவர்கள் உண்டு. ஆனால் தோட்டத்துப் பறவைகள் பிழைக்கக்கூடியதைவிட அதிகமாகக் குஞ்சு பொரிப்பவை. பிடிபட்டவற்றில் பல எப்படியும் குளிரிலோ பசியிலோ செத்திருக்கும். வயல்வெளிகள் மாறியதும் வாழிடம் சுருங்கியதும் பெரிய காரணங்கள். இதையெல்லாம் மறுப்பதற்கில்லை. ஆனால் நாட்டுக் கணக்கு வேறு, தெருக் கணக்கு வேறு. 1980களில் பெட்ஃபர்ட்ஷயரின் ஃபெல்மர்ஷாம் கிராமத்தில் ஏறக்குறைய 70 பூனைகளை ஓராண்டு கவனித்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் பிடிபட்டன. அவ்வூர்ச் சிட்டுக்குருவிகளின் சாவில் 30 சதவீதம்வரை பூனைகளால் வந்தது என்று கணக்கிட்டார்கள். அரிதாகிப்போன பறவை ஒன்று ஓரிடத்தில் மட்டும் எஞ்சியிருந்தால் தெருக் கணக்கே முழுக் கணக்காகிவிடும். ஜெர்மனியின் வால்டார்ஃப் நகரம் 2022இல் கொண்டை வானம்பாடிக்காக ஆகஸ்ட் முடியும்வரை பூனைகளை வீட்டுக்குள் வைக்கச் சொல்லி, மீறினால் 500 யூரோ அபராதம் என்று அறிவித்தது அதனால்தான். அதுவுமல்லாமல், இனமே அழியும் என்று நிரூபித்தால்தான் பத்து நிமிடம் குச்சியை ஆட்டுவேன் என்பது வாதமாகாது. அது சோம்பலின் மரியாதையான பெயர்.

கடைசியாகச் சுதந்திரம். எக்ஸிட்டர் குழு 2020இல் பூனை வளர்ப்பவர்களை ஐந்து வகையாகப் பிரித்தது. வெளியே போனால் பூனைக்கு ஆபத்து என்று அஞ்சுகிறவர், பூனையின் சுதந்திரத்துக்காகப் போராடுகிறவர், வேட்டை பிடிக்காவிட்டாலும் சகித்துக்கொள்கிறவர், பொறுப்பைத் தன்மேல் போட்டுக்கொள்கிறவர், இப்படி ஒரு விஷயம் இருப்பதையே யோசிக்காதவர் என்று அவர்களைச் சொல்லலாம். நம் வக்கீல் இரண்டாம் வகையில் உரக்கப் பேசி ஐந்தாம் வகையில் நிம்மதியாகத் தூங்குகிறவர். பூனையை ஆயுள் முழுதும் வீட்டுக்குள் அடைக்கச் சொல்லி இங்கே யாரும் கேட்கவில்லை. சூரியன் மறைவதற்குச் சற்று முன்பிருந்து விடிந்து கொஞ்ச நேரம்வரை, அதிலும் குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்கும் மார்ச் முதல் ஜூலைவரை, அந்தச் சின்னக் கதவைத் தாழிட்டால் போதும். இருட்டில் காரில் அடிபடும் அபாயமும் அதோடு குறையும். சுதந்திரம் என்று பேசுகிறவர் அந்தப் பூனைக்குக் கருத்தடை செய்யவும் ஊசி போடவும் அதன் சம்மதத்தைக் கேட்டதில்லை. ஒரு தாழ்ப்பாளுக்கு மட்டும் ஏன் இத்தனை தத்துவம்?

எனவே டெய்சியை விட்டுவிடலாம். வக்கீல் செய்யவேண்டியவை மட்டும் பாக்கி: நல்ல இறைச்சி உணவு, தினமும் பத்து நிமிட விளையாட்டு, கழுத்தில் வண்ணப்பட்டை, அந்திக்கு முன் கதவுக்குத் தாழ், பறவைத் தீனியைப் புதரிலிருந்து குறைந்தது இரண்டு மீட்டராவது தள்ளித் தொங்கவிடுவது. ஐந்தையும் செய்ய முடியாவிட்டால் தாழ்ப்பாளிலிருந்து தொடங்கலாம், அதற்குச் செலவே இல்லை.