ஜிபிஎஸ் பேசும் கப்பல் பாஷை

லினக்ஸ் போன் வாங்கியவருக்குச் சுதந்திரம் உடனே கிடைத்துவிடுகிறது. தாம் எங்கே நிற்கிறோம் என்பதுதான் சற்றுத் தாமதமாகத் தெரியவருகிறது. பைன்போனில் டெர்மினலைத் திறந்து மோடத்தின் சீரியல் போர்ட்டை எட்டிப் பார்த்தால், டாலர் குறியில் தொடங்கி, நட்சத்திரக் குறியும் செக்சம்மும் வாலாக நீளும் வரிகள் கொட்டும். என்எம்இஏ 0183 என்ற இந்த வடிவம் கப்பல் கருவிகளுக்காக 1980களில் பிறந்தது. அதனால்தான் டவுன் பஸ்ஸில் தொங்குகிறவருக்கும் வேகத்தைக் கடல்மைல் கணக்கில் சொல்கிறது.

அட்சரேகையை அது எழுதும் அழகே தனி. டிகிரியையும் நிமிடத்தையும் இடைவெளியில்லாமல் ஒட்டி 5128.6667 என்று நீட்டும். அதாவது 51 டிகிரி, 28.6667 நிமிடம், கிரீன்விச் வானாய்வகம். அவசரக்காரர் புள்ளியை இரண்டு இடம் தள்ளி 51.286667 என்று வரைபடத்தில் போட்டால், உலகத்துக்கே தீர்க்கரேகை வகுத்துக் கொடுத்த ஆய்வகம் 21 கிலோமீட்டர் தெற்கே குடிபெயர்ந்துவிடும். நிமிடத்தை 60ஆல் வகுக்க வேண்டுமே என்றால், செயற்கைக்கோள் சரியில்லை என்பார்.

இன்னொரு கூத்தும் உண்டு. சில பழைய நிரல்கள் ‘ஜிபிஆர்எம்சி’ என்று தொடங்கும் வரியை மட்டுமே மதிக்கும். பல நாட்டுச் செயற்கைக்கோள்களையும் சேர்த்துப் பார்க்கும் புதிய சிப், ‘ஜிஎன்ஆர்எம்சி’ என்று அனுப்பும். ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனாலும் தீர்ப்பு, ‘சிக்னல் இல்லை’.

இந்த வரிகளையெல்லாம் பிரித்து மேய்ந்து, 2947ஆம் போர்ட்டில் ஜேசானாகப் பரிமாற ஜிபிஎஸ்டி என்று ஒன்று இருக்கிறது. அதை நிறுவிக்கொள்ளுங்கள், சொந்தமாக நிரல் எழுதும் ஆசையைக் கொஞ்சம் ஒத்திப்போடுங்கள்.